இடிக்காத டிஃபென்ஸ்மேன்: நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமின் 20 சீசன்கள்

கேள்வி இது: "ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ்மேன் என்றால் எதிராளியைப் பலகையோடு சேர்த்து இடித்து நிறுத்துகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் அப்படி இடிப்பதே அபூர்வம் என்கிறார்கள். பிறகு எப்படி அவரை இந்த இடத்தில் ஆடிய தலைசிறந்தவர்களில் ஒருவர் என்று சொல்கிறார்கள்?"

இடிக்க வேண்டிய நிலைமை வருவதற்கு முன்பே அவர் வேலையை முடித்துவிடுவார் என்பதுதான் பதில். அதைப் புரிந்துகொள்ள அவருடைய கோல் கணக்கைப் பார்த்தால் போதாது. அவர் எங்கே நின்றார், ஸ்டிக்கை எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் களம். வட அமெரிக்காவின் தலைமைத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் ரிங்க், அதாவது பனித்தளம், 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர், அதன்மேல் கண்ணாடி. கோல்கீப்பரை விட்டால் ஓர் அணிக்கு ஐந்து பேர்: மூன்று ஃபார்வர்டு, இரண்டு டிஃபென்ஸ்மேன். ஓர் ஆட்டத்துக்கு ஆறு டிஃபென்ஸ்மேன்கள் மூன்று ஜோடிகளாக இறங்குவார்கள். ஒரு ஷிஃப்ட் 45 நொடி சொச்சம்தான். அதற்கு மேல் நின்றால் கால் கனத்துவிடும். 60 நிமிட ஆட்டத்தைச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 20 நிமிடம் வரும். லிட்ஸ்ட்ரோம் சராசரியாக 28 நிமிடத்துக்கு மேல் நின்ற சீசன்கள் உண்டு. அந்த நேரத்திலும் பெரும்பகுதி எதிரணியின் முதல் வரிசை ஃபார்வர்டுகளுக்கு எதிராகப் போகும்.

அவர் 1970 ஏப்ரல் 28 அன்று பிறந்த ஸ்வீடன்காரர். அங்கே வெஸ்டெரோஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 1989 டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு), மூன்றாம் சுற்றில், 53ஆவது ஆளாக டெட்ராய்ட் ரெட் விங்ஸ் எடுத்தது. அந்த ஒரே டிராஃப்டில் அடுத்த சுற்றில் செர்கேய் ஃபெடரோவ், பதினோராம் சுற்றில் விளாதிமிர் கான்ஸ்டன்டினோவ் என்று டெட்ராய்ட் எடுத்த பெயர்களைப் பார்த்தால், பின்னாளில் வந்த ஸ்டான்லி கோப்பைகளுக்கு (என்.எச்.எல். சாம்பியனுக்குத் தருவது) அன்றே அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள் என்பது தெரியும். எடுத்தவுடன் அவரை அமெரிக்காவுக்கு இழுத்து வரவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் ஸ்வீடனிலேயே பெரியவர்களோடு ஆடவிட்டார்கள். 1991இல் உலக சாம்பியன்ஷிப் தங்கத்தை ஸ்வீடனோடு வென்ற பிறகு, 21 வயதில் டெட்ராய்ட் வந்தார். கீழ்நிலை லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை.

இந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பு சாதாரண விஷயமல்ல. ஃபார்வர்டு தவறு செய்தால் அவருக்குப் பின்னால் இரண்டு டிஃபென்ஸ்மேன் இருக்கிறார்கள். டிஃபென்ஸ்மேன் தவறு செய்தால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான். அதனால்தான் இந்த இடத்தில் ஒருவர் முழுமையாகத் தேற 200, 300 ஆட்டங்கள் ஆகும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். 18 வயதில் அவசரமாக இறக்கப்படும் பையன் தவறுக்குப் பயந்து பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) வெறுமனே கண்ணாடிமேல் அடித்து வெளியேற்றக் கற்றுக்கொள்வான். அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது.

முதல் சீசனில் லிட்ஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் பிராட் மக்ரிமன் என்ற அனுபவசாலியை நிறுத்தினார்கள். மூத்தவர் பின்னால் நின்று வாசலைப் பார்த்துக்கொள்ள, இளையவர் துணிந்து முன்னேறலாம். விளைவு: 80 ஆட்டம், 11 கோல், தோழர்கள் கோல் போட உதவிய 49 அசிஸ்ட், இரண்டும் சேர்த்து 60 புள்ளி. சிறந்த புதுமுக விருதில் பாவெல் புரேவுக்கு அடுத்த இடம்.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எதிராளி பக்கோடு வேகமாக வருகிறான், நீங்கள் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இந்த இடத்தின் முதல் பாடமே அதுதான். நடுக்களத்தில் இரண்டு ஸ்டிக் நீளம் இருக்கலாம். உங்கள் தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டை அவன் நெருங்கும்போது அது ஒன்று, ஒன்றரை ஸ்டிக் நீளமாகச் சுருங்கியிருக்க வேண்டும். அதைவிட அதிகமாக விட்டால் அவன் வேகம் குறையாமல் கோட்டைத் தாண்டி, உங்கள் உடம்பையே திரையாக வைத்து அடிப்பான். கோல்கீப்பருக்குப் பக் தெரியாது. அதைவிடக் குறைத்தால் ஒரே திருப்பத்தில் பக்கவாட்டில் புகுந்துவிடுவான். நீங்கள் திரும்பி முன்னோக்கி ஓடத் தொடங்குவதற்குள் கதை முடிந்திருக்கும். இடைவெளி கெடுவது பெரும்பாலும் நீலக் கோட்டில் நிகழும் தவறாகத் தோன்றும். உண்மையில் அது இரண்டு நொடி முன்பே கெட்டுவிடுகிறது: எதிரணி பக்கைப் பிடித்த கணத்தில் டிஃபென்ஸ்மேன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், அல்லது பயந்து சீக்கிரமே பின்வாங்கியிருப்பார். வருகிறவனுடைய வேகத்துக்கு உங்கள் வேகத்தை முன்கூட்டியே சமன்படுத்திக்கொண்டால்தான் இடைவெளி உங்கள் கையில் இருக்கும்.

அடுத்தது கோணம். டிஃபென்ஸ்மேன் தன் வெளிப்பக்கத் தோளை எதிராளியின் உட்பக்கத் தோளுக்கு நேராக வைத்துச் சறுக்க வேண்டும். அப்போது கோலை நோக்கிய நடுவழி அடைபட்டுப் பலகையோரம் மட்டும் திறந்திருக்கும். போக இடம் இருக்கிறது என்று நம்பி அவன் ஓரத்துக்குப் போவான். போகப்போக அடிக்கும் கோணம் குறுகும், பலகை ஒருபுறம், நீங்கள் மறுபுறம். ரிங்கின் இரு பக்கமும் வரைந்திருக்கும் ஃபேஸ்-ஆஃப் புள்ளிகளை (பக்கைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் இடங்கள்) நீளவாக்கில் கோடாக இணைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே எதிராளி இருக்கும்வரை ஆபத்து குறைவு. லிட்ஸ்ட்ரோம் ஆட்டத்துக்கு ஆட்டம் செய்தது இதைத்தான். எதிராளி தானாக வழி தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டே அவர் காட்டிய வழியில் போவான்.

மூன்றாவது ஸ்டிக். பின்னோக்கிச் சறுக்கும்போது மேற்கையில் மட்டும் ஸ்டிக்கைப் பிடித்து, முழங்கையை மடக்கி, பிளேடைப் பனிமேல் தட்டையாக வைத்திருக்க வேண்டும். கையை முழுக்க நீட்டிவிட்டால் எதிராளி உங்கள் எட்டும் தூரத்தை அளந்துவிடுவான். ஸ்டிக்குக்கும் கால்களுக்கும் நடுவே விழும் முக்கோண இடைவெளியில் பக்கைத் தள்ளித் தாண்டிவிடுவான். மடக்கி வைத்திருந்தால் உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று அடி மிச்சம் இருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் பக்கை உடம்பிலிருந்து தள்ளி எடுக்கும் அந்தக் கணத்தில் சட்டென நீட்டித் தட்டிவிடலாம். லிட்ஸ்ட்ரோமின் கை இதில் அசாத்தியமானது. தரையில் வருவதை மட்டுமல்ல, இடுப்பு உயரத்தில் பறந்து வரும் பக்கையும் ஸ்டிக்கால் தட்டி இறக்கிவிடுவார். மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குல தடிமன், ஆட்டத்துக்கு முன் உறைய வைத்த ரப்பர் வட்டு அது. எதிரணி கண்ணாடியோரம் உயர்த்தி வெளியேற்ற முயல்வதை நீலக் கோட்டிலேயே நிறுத்தினால் இன்னொரு தாக்குதல் உயிரோடு இருக்கும்.

உடம்பால் இடிப்பதில் என்ன குறை? இடி சரியாக விழுந்தால் அழகுதான், அரங்கமே எழுந்து நிற்கும். அரை அடி தவறினால் இடிக்கப் போனவர் ஆட்டத்துக்கு வெளியே நிற்பார், எதிரணி இரண்டுக்கு ஒன்று என்று கோலை நோக்கிப் போகும். தாமதமாகப் போனால் பெனால்டி வேறு, சில நிமிடம் வெளியே உட்கார வேண்டும். லிட்ஸ்ட்ரோம் 1,564 ஆட்டங்களில் வாங்கிய பெனால்டி நிமிடங்கள் 514. இரண்டு நிமிடப் பெனால்டி என்று கணக்கிட்டால் ஆறு ஆட்டத்துக்கு ஒன்று. எதிரணியின் சிறந்த ஆட்களுக்கு எதிராகவே தினமும் நின்றவருக்கு இது நம்ப முடியாத கணக்கு.

இதற்கெல்லாம் உரைகல் 1997 இறுதிப் போட்டி. எதிரணி ஃபிலடெல்ஃபியா. எரிக் லிண்ட்ராஸ், ஜான் லெக்லேர், மிகேல் ரென்பெர்க் என்ற அவர்களுடைய முதல் வரிசை மலை போன்றது. லிண்ட்ராஸ் 6 அடி 4 அங்குலம். அவர்களைத் தடுக்க டெட்ராய்டின் முரட்டு டிஃபென்ஸ்மேன் கான்ஸ்டன்டினோவைத்தான் இறக்குவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அனுப்பியது லிட்ஸ்ட்ரோமையும் லாரி மர்ஃபியையும். இருவருமே இடிக்கும் ஆட்கள் அல்ல. காரணம் இதுதான்: பக்கை எதிரணி மூலைக்கு எறிந்து, எடுக்கப் போகும் டிஃபென்ஸ்மேனை நசுக்கிப் பறிப்பது ஃபிலடெல்ஃபியாவின் பாணி. நசுக்க வரும்போது பக் அங்கே இல்லாவிட்டால் அந்தப் பாணியே பலிக்காது. லிட்ஸ்ட்ரோமும் மர்ஃபியும் எடுத்த வேகத்தில் பாஸ் கொடுத்துவிட்டார்கள். நான்கு வெற்றி தேவைப்படும் தொடர் நான்கே ஆட்டத்தில் முடிந்தது. லிண்ட்ராஸ் அடித்த ஒரே கோல் நான்காவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வந்தது. 1955க்குப் பிறகு, 42 ஆண்டு கழித்து டெட்ராய்டுக்குக் கோப்பை.

அந்தப் பாஸ் எப்படி அவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிஃபென்ஸ்மேன்கள் அதிகம் காயப்படுவது இந்த இடத்தில்தான். மூலைக்குப் போன பக்கை எடுக்கப் பின்னால் ஓடும்போது முதுகுக்குப் பின் ஒருவன் துரத்தி வருகிறான். பக்கை அடைவதற்குள் குறைந்தது இரண்டு முறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துவிட வேண்டும்: வருகிறவன் எந்தப் பக்கம், நம் ஆள் எங்கே. பார்க்காமல் எடுத்தவர் கண்ணாடியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த நிலையில் வாங்கும் இடிதான் கழுத்தையும் தலையையும் பாதிக்கும். நேராகப் பலகைக்குப் போகாமல் சற்று வளைந்து போனால் பக்கை எடுக்கும்போதே உடம்பு களத்தை நோக்கித் திரும்பியிருக்கும். பிறகு நான்கு வழி: கோலின் பின்னால் சுற்றித் தானே கொண்டுபோவது, துரத்துகிறவன் கூடவே வந்தால் வந்த வழியிலேயே பின்னால் விடுவது, மறுபக்கத்து ஜோடிக்குத் தள்ளுவது, பலகையோரம் நிற்கும் ஃபார்வர்டுக்கு நேராகக் கொடுப்பது. எதைச் செய்வது என்று ஜோடி கத்திச் சொல்ல வேண்டும், அவனுக்குத்தான் முழுக் களமும் தெரியும். ஜோடி வாய் திறக்காவிட்டால் எவ்வளவு திறமைசாலியும் தடுமாறுவார். நல்ல ஜோடி அமைவதை டிஃபென்ஸ்மேனின் தொழில் வாழ்க்கையில் பாதி என்றே சொல்லலாம். லிட்ஸ்ட்ரோமுக்கு மர்ஃபியும், பின்னாளில் பிரையன் ரஃபால்ஸ்கியும் அப்படி அமைந்தார்கள்.

1997 கோப்பை வென்ற ஆறாம் நாள் நடந்த லிமோசின் விபத்தில் கான்ஸ்டன்டினோவ் படுகாயமடைந்தார், பிறகு ஆடவே முடியவில்லை. சுமை லிட்ஸ்ட்ரோம் தோளுக்கு வந்தது. 1998இல் மீண்டும் கோப்பை. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருதில் 1998, 1999, 2000 என்று மூன்று முறை தொடர்ந்து இரண்டாமிடம். 2001இல் முதல் நாரிஸ், ஐரோப்பாவில் ஆட்டம் கற்று வந்த ஒருவருக்கு முதன்முறையாக. அதன்பின் 2002, 2003, 2006, 2007, 2008, 2011. மொத்தம் ஏழு. டக் ஹார்வியும் ஏழு. எட்டு வென்ற பாபி ஆர் மட்டும் மேலே.

தாக்குதலிலும் அவர் வழி தனி. நீலக் கோட்டில் நிற்கும் டிஃபென்ஸ்மேன் ஸ்டிக்கைத் தலைக்கு மேல் ஓங்கி அடித்தால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஓங்கும் நேரத்தில் எதிரணி ஃபார்வர்டு முன்னால் வந்து விழுந்துவிடுவான். அவன் முழங்கால் கவசத்தில் பட்டுத் தெறிக்கும் பக்கோடு அவனே எதிர்த்திசையில் தனியாகக் கோலுக்குப் போவான். ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு இதைவிட மோசமான காட்சி இல்லை. எனவே முதல் நோக்கம் வேகமல்ல, அந்த முதல் ஆளைத் தாண்டுவது. கோட்டின்மேல் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து வழியைத் திறந்து, முழங்கால் உயரத்துக்குள் அடித்தால், கோலின் முன் நிற்கும் தோழன் திசை திருப்பலாம். டெட்ராய்டில் அந்தத் தோழன் தோமஸ் ஹோல்ம்ஸ்ட்ரோம், கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னாலேயே குடியிருந்தவர். வழி அடைபட்டிருந்தால் லிட்ஸ்ட்ரோம் வேண்டுமென்றே கோலுக்கு வெளியே குறிவைப்பார். கேரம் காய் போல் பின்பலகையில் பட்டு, மறுபக்கம் காத்திருக்கும் தோழனின் ஸ்டிக்குக்கே பக் வரும். டெட்ராய்டின் அன்றைய ஜோ லூயிஸ் அரங்கின் பின்பலகைகள் பக்கை நன்றாகத் துள்ளவிட்டன என்பதால் இது அங்கே தவறிய அடியல்ல, பாஸ்.

2002இல் இன்னொரு விதம். கோப்பைக்கான பிளே-ஆஃப் தொடர்களின் முதல் சுற்றில் வான்கூவருக்கு எதிராக டெட்ராய்ட் இரண்டு ஆட்டங்களைத் தோற்றிருந்தது. மூன்றாவது ஆட்டம் 1-1. ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிய அரை நிமிடம்கூட இல்லை. நடுக்களத்திலிருந்து லிட்ஸ்ட்ரோம் அடித்த அடி கோல்கீப்பர் டான் கிளூட்டியேவைத் தாண்டி உள்ளே போனது. ஏறக்குறைய 90 அடி. அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் சும்மா மூலைக்குத் தள்ளியிருக்க வேண்டிய பக்கைக் கோலுக்குக் குறிவைத்து வலுவாக அடித்தது அவருடைய முடிவு. டெட்ராய்ட் அடுத்து நான்கையும் வென்று, கோப்பைவரை போனது. பிளே-ஆஃப் முழுமைக்குமான சிறந்த ஆட்டக்காரர் விருதான கான் ஸ்மைத் முதன்முறையாக ஓர் ஐரோப்பியருக்குப் போனது, லிட்ஸ்ட்ரோமுக்கு. 2006 டூரின் ஒலிம்பிக் இறுதியில் ஃபின்லாந்துக்கு எதிராக மூன்றாம் பகுதி தொடங்கிய பத்தாவது நொடியில் மாட்ஸ் சுந்தின் விட்ட பக்கை ஓங்கி அடித்ததும் அவரே. 3-2, ஸ்வீடனுக்குத் தங்கம். ஓங்கி அடிக்கக் கூடாது என்பதல்ல. எதிரில் ஆள் இல்லாதபோது அடி என்பதே விதி.

இவ்வளவு நிமிடங்கள் நின்றும் உடம்பு எப்படித் தாங்கியது? அவர் ஆடிய 20 சீசன்களில் டெட்ராய்ட் ஆடிய லீக் ஆட்டங்கள் 1,608. அவர் தவறவிட்டது 44 மட்டும். 6 அடி 1 அங்குலம், 190 பவுண்டு சொச்சம் என்ற உடம்பு இந்த இடத்துக்குப் பெரியதல்ல. இடிப்பதும் இடிபடுவதும் குறைந்தால் தோளும் முட்டியும் தேயாது. சரியான இடத்தில் ஏற்கெனவே நிற்பவர் முழு வேகத்தில் ஓட வேண்டியதும் இல்லை, ஷிஃப்ட் முடிவில் மூச்சு மிச்சம் இருக்கும். அவருடைய ஆட்டமுறையையும் ஆயுளையும் பிரித்துப் பேச முடியாது என்பது என் உறுதியான கருத்து. 2010 டிசம்பரில், 40 வயதில், செயின்ட் லூயிசுக்கு எதிராகத் தன் வாழ்நாளின் முதல் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தார்.

2006இல் ஸ்டீவ் ஐசர்மேனுக்குப் பிறகு கேப்டன் ஆனார். 2008இல் பிட்ஸ்பர்கை வீழ்த்தி, ஐரோப்பாவில் வளர்ந்து வந்த கேப்டன் ஒருவர் முதன்முறையாகக் கோப்பையை வாங்கினார். அடுத்த ஆண்டும் அதே பிட்ஸ்பர்க், ஏழாவது ஆட்டம், 2-1 என்று டெட்ராய்ட் பின்தங்கிய கடைசி நொடி. தோழன் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் அடித்துத் தெறித்த பக் இடப்பக்கம் பாய்ந்து வந்த லிட்ஸ்ட்ரோமிடம் வந்தது. அவர் அடிக்க, பிட்ஸ்பர்க் கோல்கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி குறுக்கே பாய்ந்து உடம்பால் தடுத்தார். அந்த ஒரு அடி உள்ளே போயிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். ஆட்டம் முடியும் கணத்தில் கோலின் வாசலில் நின்றவர் 39 வயது டிஃபென்ஸ்மேன் என்பதைக் கவனியுங்கள். அங்கே போகலாம் என்று முடிவெடுத்ததிலும் கணக்கு சரிதான், பலன்தான் கிடைக்கவில்லை.

2011இன் ஏழாவது நாரிஸ் பற்றி மட்டும் நியாயமான வாதம் உண்டு. 62 புள்ளி எடுத்தார், 40 வயதுக்கு அது பிரமாதம். ஆனால் அவர் களத்தில் இருந்தபோது அணி போட்ட, வாங்கிய கோல்களின் வித்தியாசத்தைக் காட்டும் பிளஸ்-மைனஸ் கணக்கு அந்த சீசனில் மைனஸ் 2. மொத்த வாழ்க்கையில் பிளஸ் 450 வைத்திருப்பவருக்கு மைனஸில் முடிந்த ஒரே சீசன் அதுதான். அந்த ஆண்டு விருது போட்டியிலிருந்த மற்ற இருவரான ஷே வெபருக்கோ ஸ்டெனோ சாராவுக்கோ போயிருந்தாலும் குறை சொல்ல முடியாது. அதற்கு மாறாக, 1998 முதல் 2000 வரை கிடைக்காமல் போனவற்றில் ஒன்று அவருக்கு உரியது என்பேன்.

கடைசி இரண்டு சீசன்களையும் ஓராண்டு ஒப்பந்தங்களில் ஆடினார். 2012இல் கணுக்கால் காயத்தால் சில வாரம் வெளியே இருந்தும் 70 ஆட்டம் ஆடி, சராசரியாக 23 நிமிடத்துக்கு மேல் நின்றார். அதாவது அப்போதும் அவர் அணியின் முதல் ஜோடி. மே 31 அன்று ஓய்வை அறிவித்தபோது காட்டிய காரணம், அடுத்த சீசனுக்காகக் கோடையில் தன்னை வருத்திப் பயிற்சி செய்யும் உந்துதல் முன்போல இல்லை என்பது. 264 கோல், 878 அசிஸ்ட், நான்கு கோப்பை, ஒரே அணி. 2014 மார்ச் 6 அன்று அவருடைய 5ஆம் எண்ணை, இனி யாருக்கும் தருவதில்லை என்று, டெட்ராய்ட் தன் அரங்கின் கூரையில் ஏற்றியது. 2015இல் ஹால் ஆஃப் ஃபேம்.

பழைய பதிவுகளைப் பார்ப்பதானால் கோல் தொகுப்புகளில் தொடங்காதீர்கள். 1997 இறுதியின் ஏதாவது ஒரு முழு ஆட்டத்தை எடுத்து, பக்கை மறந்துவிட்டு 5ஆம் எண்ணின் ஸ்டிக் பிளேடை மட்டும் பத்து ஷிஃப்ட் பாருங்கள். லிண்ட்ராஸ் நீலக் கோட்டை நெருங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிளேடு பனியில் எந்தப் பக்கம் இருக்கிறது, அடுத்த நொடி லிண்ட்ராஸ் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.